ஸ்கேன் நல்லா இருக்கு, சரி. நரம்பு எப்படி இருக்கு?

“வி.இ.பி.யா? அதெல்லாம் பழைய டெஸ்ட்டுங்க. அதான் எம்.ஆர்.ஐ. இருக்கே!”

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) பத்தி எங்க பேச்சு வந்தாலும் இந்தப் பதில் கூடவே வந்துடுது. கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலா வரும். பழசுங்கிறது வாஸ்தவம்தான். ஆனா ஓரங்கட்டுற அளவுக்கு அந்த டெஸ்ட் என்ன தப்பு பண்ணிச்சு? குடுக்குற மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கும்போது, எம்.ஆர்.ஐ.யால நேரடியா சொல்ல முடியாத ஒரு விஷயத்தை அது சொல்லுது. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. நீளமாத்தான் வரும், டீ ஒண்ணு பக்கத்துல வச்சுக்கோங்க.

எம்.எஸ். தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு, இதுல ஓடுற நரம்பிழைகளைச் சுத்தி மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கு. உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அங்கங்க அரிச்சிடுது. உறை போன இடத்துல சிக்னல் மெதுவாகும், இல்லாட்டி நடுவுலயே நின்னுடும். பார்வை மங்குறது, கை மரத்துப் போறது, கால் இழுக்குறது, சிறுநீரை அடக்க முடியாம போறதுன்னு எங்க அடிபட்டுதோ அதுக்கேத்த அறிகுறி. இப்ப புழக்கத்துல இருக்குற எம்.எஸ். மருந்துகள் பெரும்பாலும் புதுத் தாக்குதலைத் தடுக்குறதுக்கானது. அரிச்சுப் போன உறையைத் திரும்ப வளர்க்குறதுக்குன்னு அங்கீகாரம் வாங்கின மருந்து இன்னும் ஒண்ணுகூட இல்ல. (இந்த ரெண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை மனசுல வச்சுக்கோங்க, மிச்சப் பதிவு முழுக்க அதுமேலதான் நிக்குது.)

இப்ப டெஸ்ட்டுக்கு வருவோம். வி.இ.பி. (விஷுவல் எவோக்டு பொட்டென்ஷியல்) பார்வை நரம்புக்கானது. நாற்காலியில உட்கார வச்சு, தலைக்குப் பின்னாடி நடுவுல பசை தடவி ஒரு எலக்ட்ரோடு ஒட்டுவாங்க. ஒரு மீட்டர் தள்ளி ஒரு திரை. அதுல கருப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம், நடுவுல ஒரு சின்னப் புள்ளி. ஒரு கண்ணை மறைச்சுட்டு இன்னொரு கண்ணால புள்ளியையே பார்க்கணும். கருப்பு வெள்ளையாகும், வெள்ளை கருப்பாகும், செகண்டுக்கு ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவை கட்டம் மாறும்போதும் பின்மூளையில ஒரு மின் அலை எழும். சில மைக்ரோவோல்ட்தான் இருக்கும். மூளையோட மத்த மின்சார இரைச்சல்ல அது மூழ்கிக் கிடக்கும். அதனால நூறு தடவை அளவுக்குப் பதிவு பண்ணி சராசரி போடுவாங்க. இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அடங்கிடும், நிஜ அலை மட்டும் தலை தூக்கும். (இந்தச் சராசரி வித்தையை 1950-களோட தொடக்கத்துல கம்ப்யூட்டர் இல்லாமலே ஒரு மெஷின் கட்டிச் செஞ்சு காட்டினவர் லண்டன் குயின் ஸ்கொயர் ஆஸ்பத்திரியில இருந்த ஜார்ஜ் டாசன்.) கட்டம் மாறி சுமார் 100 மில்லி செகண்ட்ல முக்கியமான முகடு வரணும், அதனாலதான் அதுக்கு பி100-ன்னு பேர். உறை அரிச்ச நரம்புல அது 120, 130, 140-ன்னு தள்ளிப் போகும்.

கூடப் பொறந்ததுங்க ரெண்டு இருக்கு. உணர்வு நரம்புகளுக்கான எஸ்.எஸ்.இ.பி.யில மணிக்கட்டுல சின்னதா கரண்ட் கொடுப்பாங்க, கட்டைவிரல் துடிக்கிறது கண்ணுக்கே தெரியும். அந்தச் சேதி தண்டுவடம் வழியா ஏறி மூளைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 20 மில்லி செகண்ட். கணுக்கால்ல கொடுத்தா 40 பக்கம். எம்.இ.பி.யில திசை தலைகீழ். தலைமேல ஒரு காந்தச் சுருளை வச்சு மூளையைத் தூண்டி, கை கால் தசை எப்ப துடிக்குதுன்னு அளக்குறது. 1985-ல ஷெஃபீல்டுல ஆன்டனி பார்க்கரும் கூட்டாளிகளும் இதைச் செஞ்சு காட்டினாங்க. காதுக்கு ஒண்ணு இருக்கு, எம்.எஸ்.ஸைத் தொடர்ந்து கவனிக்க அது அவ்வளவா உதவாது, விட்டுடலாம்.

என் வாதத்தை ஒரே ஒரு உதாரணத்துல சொல்லிடுறேன். எம்.ஆர்.ஐ. ரோட்டை போட்டோ எடுக்குது. எங்க குழி, எங்க புதுசா மண் சரிஞ்சிருக்கு, எங்க வேலை நடக்குது, எல்லாம் தெரியும். நரம்பு டெஸ்ட் அந்த ரோட்டுல வந்த பஸ் எத்தனை மணிக்கு ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்சுதுன்னு எழுதி வைக்குது. குழி எங்கன்னு பஸ்ஸோட நேரத்தை வச்சு சொல்ல முடியாது. அதே மாதிரி, போட்டோவுல ரெண்டு குழி இருக்குறதைப் பார்த்து பஸ் எவ்வளவு லேட்டுன்னும் சொல்ல முடியாது. ரோடு போடுற கான்ட்ராக்டரோட வேலையை மதிப்பிட ரெண்டும் வேணும். ஒண்ணை வச்சுக்கிட்டு இன்னொண்ணை ஏன் தூக்கிப் போடணும்?

எம்.ஆர்.ஐ. எப்படி இவ்வளவு பெரிய இடத்துக்கு வந்துச்சுங்கிறதையும் நியாயமா சொல்லணும். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தது வி.இ.பி.தான். 1972-ல குயின் ஸ்கொயர்ல மார்ட்டின் ஹாலிடே, இயன் மெக்டொனால்ட், ஜோன் முஷின் மூணு பேரும் ‘லான்செட்’ மருத்துவ இதழ்ல ஒரு கட்டுரை போட்டாங்க. பார்வை நரம்புல அழற்சி வந்தவங்களுக்கு, பார்வை நல்லபடியா திரும்பின பிறகும், அலை மட்டும் தாமதமாவே வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. கண் டாக்டரோட போர்டுல கடைசி வரி வரைக்கும் படிக்கிறவரோட நரம்புல பழைய காயம் பதிவாகி நிக்குது! எம்.எஸ். கண்டுபிடிக்குறதுல அது அப்ப பெரிய திருப்பம். ஆனா 1981-லயே எம்.எஸ். தழும்புகளை எம்.ஆர்.ஐ. படமா காட்ட ஆரம்பிச்சிடுச்சு. 1993-ல அமெரிக்காவுல இன்டர்ஃபெரான் பீட்டா அங்கீகாரம் வாங்கினப்போ, ஸ்கேன்ல தழும்பு குறைஞ்சதும் சாட்சியா நின்னுச்சு. நோயாளிக்குத் தெரியிற ஒவ்வொரு தாக்குதலுக்கும், தெரியாமலே அஞ்சாறு புதுத் தழும்பு ஸ்கேன்ல வந்து போயிருக்கும். அதனால தாக்குதலைத் தடுக்குற மருந்தைச் சோதிக்க எம்.ஆர்.ஐ.யை விட வேகமான கருவி கிடையாது. இதுல எனக்கு எந்தத் தகராறும் இல்ல.

தகராறு அடுத்த படியில.

வழக்கமான ஸ்கேன்ல வெள்ளையா தெரியிற ஒரு தழும்பு, அங்க ஏதோ நடந்திருக்குன்னு சொல்லும். உறை மட்டும் போயிருக்கா, உள்ள இருக்குற நரம்பிழையே அறுந்துடுச்சா, இல்ல உறை திரும்ப வளர்ந்து சிக்னல் பழையபடி ஓடுதா? மூணுமே கிட்டத்தட்ட ஒரே வெள்ளையாத்தான் தெரியும். அதனாலதான் ஸ்கேன் முழுக்கத் தழும்பா இருக்குறவர் நடந்து வருவார், நாலே நாலு தழும்பு இருக்குறவர் வீல்சேர்ல வருவார். நியூராலஜி புத்தகங்கள்ல இதை ஒரு முரண்பாடாவே பேர் வச்சு எழுதியிருக்காங்க. இதைவிடக் கஷ்டமான நிலைமை ஒண்ணு இருக்கு. தாக்குதலும் இல்ல, புதுத் தழும்பும் இல்ல, ஆனா போன வருஷம் பஸ் ஸ்டாப் வரைக்கும் நிக்காம நடந்தவர் இந்த வருஷம் பாதி வழியில உட்கார்றார். ரிப்போர்ட்ல “மாற்றம் எதுவும் இல்லை”ன்னு ஒரு வரி. அந்த வரியைக் கையில வச்சுக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்? தனக்குத்தான் மனப்பிரமையோன்னு நினைக்க ஆரம்பிச்சிடுவார். காலுக்கான எம்.இ.பி.யில மூளையிலருந்து தண்டுவடம் வரைக்கும் சேதி இறங்குற நேரம் கூடிட்டு வருதுன்னா, அவர் சொல்றது நிஜம்னு ஒரு எண் பேசும். சுவிட்சர்லாந்துல பாசல் நகரத்துல பீட்டர் ஃபூர், லுட்விக் காப்போஸ் குழு 2001-ல வெளியிட்ட ஆய்வுல, பார்வைக்கான டெஸ்ட்டையும் தசைக்கான டெஸ்ட்டையும் சேர்த்துப் பார்த்தப்போ, அந்த முடிவுகள் நோயாளியோட இயலாமை அளவோட பொருந்தி வந்துச்சு. அதுக்கப்புறமும் அங்கிருந்து வந்த ஆய்வுகள், ஆரம்பத்துல எடுத்த டெஸ்ட் பல வருஷம் கழிச்சு வரப்போற நிலைமையைப் பத்திக்கூட கோடி காட்டுதுன்னு சொல்லுது.

இயலாமை அளவுன்னு சொன்னேன்ல, அது கர்ட்ஸ்கேங்கிற நரம்பியல் டாக்டர் 1983-ல வகுத்த ஈ.டி.எஸ்.எஸ். 0-லருந்து 10 வரைக்கும், அரை அரையா ஏறும். டாக்டர் கையால பரிசோதிச்சுப் போடுற மார்க். பாதிக்கு மேல போனா கிட்டத்தட்ட நடையை மட்டும்தான் அளக்கும். ரெண்டு டாக்டர் போட்டா ரெண்டு மார்க் வரலாம். ஸ்கேன் ஒரு பக்கம், இந்த மார்க் ஒரு பக்கம், நடுவுல ஒரு பெரிய இடைவெளி. நரம்பு டெஸ்ட் உட்கார வேண்டிய இடம் அந்த இடைவெளிதான்னு நான் சொல்றேன்.

“அலை வேகமாச்சுன்னா உறை வளர்ந்துடுச்சுன்னு எப்படிச் சொல்ற?” இது நல்ல கேள்வி. வீக்கம் வடிஞ்சாலும் வேகம் கூடும். உறை போன இடத்துல சோடியம் வாயில்கள் புதுசா பரவினாலும் சிக்னல் மறுபடி ஓடும். இதுக்கு எனக்குத் தெரிஞ்ச அழகான சாட்சி பூனைகள்கிட்டருந்து வருது. கதிர்வீச்சு செலுத்தின உணவை மாசக்கணக்குல தின்ன பூனைகளுக்கு மயலின் உறை பரவலா போயிடும், நடை தள்ளாடும். திரும்ப சாதாரண உணவு கொடுத்தா உறை வளரும், பழையதைவிட மெல்லிசாத்தான் வளரும், ஆனா வளரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல இயன் டங்கன் குழு இந்தப் பூனைகளுக்கு வி.இ.பி. எடுத்து, பிறகு நரம்பையே வெட்டி மைக்ராஸ்கோப்புல வச்சும் பார்த்தாங்க. 2019-ல முடிவு வந்துச்சு. உறை போனப்போ அலை தாமதமாச்சு, உறை வளர்ந்தப்போ தாமதம் குறைஞ்சுது. உறை மெல்லிசா இருந்தும் வேகம் திரும்பிச்சுங்கிறது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. மனுஷங்க நரம்பை வெட்டிப் பார்க்க முடியாது. வெட்டிப் பார்க்க முடிஞ்ச இடத்துல, அலை சொன்னதும் கண்ணால கண்டதும் ஒத்துப் போச்சு. மனுஷங்கள்ல, லண்டன் குழு ஒண்ணு 2001-ல வெளியிட்ட ஆய்வுல, அழற்சி வந்த கண்ணோட தாமதம் ரெண்டு வருஷம் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிட்டே வந்ததைப் பார்த்தாங்க. வீக்கம் வடிய ரெண்டு வருஷம் ஆகாது. வேற ஏதோ மெதுவா கட்டப்படுது.

இப்ப மருந்துக்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்குற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஆரி கிரீன், ஜோனா சான் குழு, கிளெமாஸ்டின்னு அலர்ஜிக்குக் கொடுக்குற ஒரு பழைய மாத்திரையை 50 எம்.எஸ். நோயாளிகள்கிட்ட 150 நாள் சோதிச்சாங்க. பார்வை நரம்பு அடிபட்டு நாளாகி, நிலையா இருக்குறவங்க. பாதிப் பேருக்கு மருந்து முதல்ல, வெத்து மாத்திரை அப்புறம். மீதிப் பேருக்கு மாத்தி. 2017-ல வந்த முடிவு: ஒரு கண்ணுக்கு சராசரியா 1.7 மில்லி செகண்ட் தாமதம் குறைஞ்சுது. மருந்தை முதல்ல எடுத்தவங்களுக்கு, நிறுத்தின பிறகும் அந்த ஆதாயம் அப்படியே இருந்துச்சு. இதைக் கவனிங்க. ஃபாம்ப்ரிடின்னு ஒரு மருந்து இருக்கு, 2010-ல அமெரிக்காவுல அங்கீகாரம் வாங்கினது. பொட்டாசியம் வாயிலை அடைச்சு சிக்னலைக் கடத்திவிடும், சிலருக்கு நடை வேகமாகும். மாத்திரை உடம்புல இருக்குற வரைக்கும்தான் அந்த வேகம். கிளெமாஸ்டினை நிறுத்தியும் ஆதாயம் நிலைச்சு நின்னுச்சுன்னா, அங்க ஏதோ கட்டுமானம் நடந்திருக்குன்னு யோசிக்க நியாயம் இருக்கு.

“1.7 மில்லி செகண்டா? அதெல்லாம் ஒரு மாற்றமா?” இந்தக் கேள்வி உடனே வரும், வரணும். ஒரே ஆளுக்கு, ஒரே மெஷின்ல, ரெண்டு வேற நாள் எடுத்தாலே சில மில்லி செகண்ட் முன்னப் பின்ன வரும். அப்ப 1.7 அந்த இரைச்சலுக்குள்ளயே காணாம போயிடாதா? ஒருத்தர்கிட்டன்னா கண்டிப்பா காணாம போயிடும். அம்பது பேரோட ரெண்டு ரெண்டு கண்ணையும் திரும்பத் திரும்ப அளந்து சராசரி போட்டா போகாது. முன்னாடி மூளையோட இரைச்சல்லருந்து அலையைப் பிரிச்ச அதே கணக்குதான் இங்கயும். ரெண்டு உபயோகத்தைப் போட்டுக் குழப்பிக்கக் கூடாது. மருந்து ஆராய்ச்சியில சின்ன சராசரி மாற்றம்கூட அர்த்தமுள்ள சேதி. தனி நோயாளியோட ஃபைல்ல 118 போன தடவை, 116 இந்தத் தடவைன்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது, கொண்டாடவும் வேணாம், பயப்படவும் வேணாம். 118 போய் 132 ஆச்சுன்னா எழுந்து உட்காரணும். இந்த அளவுகோலைச் சொல்லாம ரிப்போர்ட்டைக் கையில கொடுத்தனுப்புறதுதான் தப்பு. டெஸ்ட்டு மேல எந்தத் தப்பும் இல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் தோத்துப் போன மருந்துகள். ஒபிசினுமாப்னு ஒரு மருந்து, பயோஜென் கம்பெனியோடது, உறையை வளர்க்க விடாம தடுக்குற ஒரு புரதத்தை அடைக்கிறது. முதல் தடவை பார்வை நரம்பு அழற்சி வந்த 82 பேர்கிட்ட சோதிச்சாங்க. அளவுகோல் வி.இ.பி. சேர்ந்த எல்லாரையும் கணக்குல எடுத்தா, வித்தியாசம் தெளிவா இல்ல. சொன்னபடி மருந்து எடுத்து முடிச்சவங்களை மட்டும் பார்த்தா, 32-வது வாரத்துல 9 மில்லி செகண்ட் அளவுக்கு நல்ல மாற்றம். நம்பிக்கையோட பெரிய சோதனைக்குப் போனாங்க. நோயாளியோட இயலாமை குறையல. 2020-ல கம்பெனி கையை விட்டுடுச்சு. “பார், அலை நல்லா இருந்தும் ஆளு தேறலையே!” அப்படிம்பாங்க. நான் இதை வேற மாதிரி படிக்கிறேன். முழுக் கூட்டத்துக்கான முதல் கணக்குல அந்த டெஸ்ட் “தெளிவா இல்ல”ன்னுதான் சொல்லிச்சு. வடிகட்டின கணக்கை நம்பி ஓடினது மனுஷங்க. தவிர, அங்க அளந்தது புதுசா அடிபட்ட பார்வை நரம்பு. பிறகு எதிர்பார்த்தது, பல வருஷமா அரிச்சுப் போன தண்டுவடத்தோட கால் தேறணும்னு. ரெண்டும் வேற நரம்பு, வேற வயசுக் காயம். காலு தேறுதான்னு தெரியணும்னா காலுக்குப் போற பாதையைத்தானே அளக்கணும்?

கிளெமாஸ்டினுக்கும் ஒரு கசப்பான பின்கதை இருக்கு, மறைக்கக் கூடாது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல, படிப்படியா மோசமாகிட்டு வர்ற வகை எம்.எஸ். உள்ளவங்களுக்கு அதைக் கொடுத்தப்போ, மூணு பேருக்கு இயலாமை வழக்கத்தைவிட வேகமா கூடி, அந்தப் பிரிவையே நிறுத்தினாங்க. ஒரு நரம்புல நல்ல சேதி வந்துச்சுன்னா உடம்பு முழுக்க நல்லதுன்னு ஆகாது. (அலர்ஜி மாத்திரைதானேன்னு மெடிக்கல் ஷாப்ல வாங்கித் தானா போட்டுக்கலாம்னு யாராவது நினைச்சா, தயவுசெஞ்சு வேணாம். அது ரொம்ப அசதியும் கொடுக்கும்.) கேம்பிரிட்ஜ்ல அலஸ்டர் கோல்ஸ் குழு பெக்ஸரோட்டின்னு ஒரு புற்றுநோய் மருந்தைச் சோதிச்சு 2021-ல எழுதினாங்க. எம்.ஆர்.ஐ.யில வச்ச முக்கிய இலக்கு கைகூடல. வி.இ.பி.யில தாமதம் குறைஞ்சுது. ஆனா மருந்து எடுத்த எல்லாருக்கும் தைராய்டு சுரப்பு குறைஞ்சதால, மருந்து அப்படியே உபயோகத்துக்கு வராதுன்னு ஆகிடுச்சு. அந்த டெஸ்ட் கூட இல்லாம இருந்திருந்தா, முக்கிய இலக்கு கைகூடலைன்னு அந்த வழியையே மூடியிருக்கலாம். அடுத்த சோதனையை, மெட்ஃபார்மினையும் கிளெமாஸ்டினையும் சேர்த்துக் கொடுக்குறதை, அதே குழு வி.இ.பி.யையே முக்கிய அளவுகோலா வச்சு நடத்தினதுல ஆச்சரியம் இல்ல.

இன்னொரு ஆட்சேபம்: எல்லா நரம்புக்கும் டெஸ்ட் கிடையாதே. உண்மை. ஞாபக மறதி, அசதி, சிறுநீர்த் தொந்தரவு, இதையெல்லாம் இந்த அலைகள் நேரா அளக்காது. நீளமான சில பாதைகளை மட்டும்தான் அளக்கும். அதே மாதிரி நரம்பு ரொம்ப மோசமா அடிபட்டு அலையே வரலைன்னா, அதுக்குக் கீழ அளக்க ஒண்ணும் இல்ல. அங்க வேற வழிதான் பார்க்கணும். தாமதத்தை மட்டும் பார்க்குறதும் பாதி வேலைதான். அலையோட உயரம் எத்தனை இழை உயிரோட இருக்குன்னு ஓரளவு சொல்லும், ஆனா உயரம் ஆளுக்கு ஆள், தடவைக்குத் தடவை ரொம்ப ஆடும். இந்த வரம்புகளை ஒத்துக்கிட்டுத்தான் பேசுறேன். வரம்பு இல்லாத டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்தா சொல்லுங்க.

எனக்கு நிஜமாவே கவலை தர்றது, டெஸ்ட் எடுக்குற முறை. இங்கதான் நல்ல கருவி கெட்ட பேர் வாங்குது. கண்ணாடி போடுறவர் கண்ணாடி இல்லாம உட்கார்ந்தா கட்டம் மங்கலா தெரியும், அலை தாமதமாகும். அந்தத் தாமதத்துக்கும் மயலினுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கண் பரிசோதனைக்காக கண்பாவையை விரிக்கிற சொட்டு மருந்து போட்ட கையோட இந்த டெஸ்ட்டுக்குப் போனாலும் கணக்கு கெடும். கட்டம் பெருசா சின்னதாங்கிறதைப் பொறுத்து எண் மாறும். தூங்கி வழிஞ்சாலோ, புள்ளியை விட்டுட்டு கண் அலைஞ்சாலோ அலை சிதறும். பழைய டியூப் மானிட்டரைத் தூக்கிட்டு லேப்ல எல்.சி.டி. திரை வச்சாங்கன்னா, திரை மாறுற நேரமே கூடுதலா சில மில்லி செகண்ட் தின்னுடும். போன வருஷ எண்ணையும் இந்த வருஷ எண்ணையும் பக்கத்துல வச்சா நோய் முத்தின மாதிரி தெரியும், மாறினது மானிட்டர்! எஸ்.எஸ்.இ.பி.யில உயரமான ஆளுக்கு இயல்பாவே நேரம் கூட எடுக்கும், ஏன்னா தூரம் ஜாஸ்தி. நல்ல லேப்ல ஒரே கண்ணுக்கு ரெண்டு தடவை பதிவு பண்ணி, ரெண்டு கோட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு அச்சடிச்சுக் கொடுப்பாங்க. ரெண்டும் ஒட்டிப் போகுதுன்னா அந்த எண்ணை நம்பலாம். ஒட்டலைன்னா, அன்னைக்கு எடுத்ததே செல்லாது.

சூட்டையும் மறக்கக் கூடாது, நம்ம ஊர்ல இது கண்டிப்பா சொல்ல வேண்டிய விஷயம். 1890-ல ஜெர்மன் கண் டாக்டர் வில்ஹெல்ம் உட்தோஃப், உடம்பை வருத்தி வேலை செஞ்சா சில நோயாளிகளுக்குப் பார்வை தற்காலிகமா மங்குதுன்னு எழுதி வச்சார். காரணம் பிறகு தெரிஞ்சுது, உடம்புச் சூடு ஏறுறதுதான். நல்ல நரம்பு சூடானா சிக்னல் கொஞ்சம் வேகமாகும். உறை போன நரம்புல சிக்னல் ஏற்கெனவே தத்தித் தத்திப் போகுது, அரை டிகிரி ஏறினாலே நின்னுடலாம். அப்ப சித்திரை வெயில்ல ரெண்டு பஸ் மாறி வேர்த்து விறுவிறுக்க வந்தவரை அப்படியே நாற்காலியில உட்கார வச்சு எடுத்த எண்ணையும், மார்கழிக் காலையில எடுத்த எண்ணையும் எப்படி ஒப்பிடுறது? ஏ.சி. அறையில அரை மணி நேரம் உட்கார வச்சு, தண்ணி குடிக்கச் சொல்லி, காய்ச்சல் இல்லைன்னு பார்த்துட்டு எடுக்குறதுக்கு எந்தச் செலவும் இல்லையே.

செலவுன்னதும் கடைசி ஆட்சேபமும் வந்துடுது. “ஏற்கெனவே எம்.ஆர்.ஐ.க்கே அவ்வளவு பணம், இதுல இது வேறயா?” வி.இ.பி. அந்த ஸ்கேனோட ஒப்பிட்டா ரொம்பக் குறைஞ்ச செலவுல முடியிறது. ஊசி கிடையாது, குழாய்க்குள்ள படுக்க வேண்டியதில்ல, ஸ்கேன் மெஷின் இல்லாத ஊர்லகூட வைக்கலாம். நான் கேட்குறதும் மாசாமாசம் எடுக்கச் சொல்லி இல்ல. மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. தாக்குதல் வந்திருந்தா அது அடங்கி சில மாசம் கழிச்சு ஒண்ணு. அதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு, இல்ல ஆள் “ஏதோ மாறியிருக்கு”ன்னு சொல்லும்போது ஒண்ணு. எந்தப் பாதையில தொந்தரவோ அந்தப் பாதைக்கான டெஸ்ட். ஸ்டீராய்டு ஏத்தின வாரத்துலயே எடுத்துட்டு மருந்து ஜெயிச்சிடுச்சுன்னு சொல்ல வேணாம், அது வீக்கம் வடிஞ்ச கணக்கு.

இந்தப் பேச்சு இப்ப இன்னும் அவசரமா ஆகியிருக்கு. எம்.எஸ்.னு உறுதி பண்றதுக்கு டாக்டர்கள் பின்பற்றுற விதிமுறைக்கு மெக்டொனால்டோட பேர்தான். 1972-ல அந்தத் தாமத அலையை எழுதினவங்கள்ல ஒருத்தர்னு மேல சொன்னேனே, அவரேதான். 2001-ல முதல் தடவை அந்த விதிமுறை வந்தப்போ வி.இ.பி.க்கு அதுல இடம் இருந்துச்சு. 2010 திருத்தத்துல தூக்கிட்டாங்க. 2017-லயும் சேர்க்கல. 2024 திருத்தத்துல பார்வை நரம்பை, நோய் தாக்குற அஞ்சாவது இடமா ஏத்துக்கிட்டு, வி.இ.பி.யையும் சாட்சியா எடுத்துக்கலாம்னு திரும்பக் கொண்டு வந்திருக்காங்க. அதாவது, இனிமே புதுசா எம்.எஸ். கண்டுபிடிக்கப்படுற நிறையப் பேருக்கு, மருந்து தொடங்குறதுக்கு முன்னாடியே இந்த டெஸ்ட் எடுத்திருப்பாங்க. நான் கேட்குற முதல் அளவு அங்கேயே கிடைச்சாச்சு! ஆனா பல இடத்துல நோயாளி கைக்கு வர்றது “இரு கண்களிலும் தாமதம்”ங்கிற ஒரு வரித் தாள் மட்டும்தான். அதை வச்சு அடுத்த வருஷம் எதையும் ஒப்பிட முடியாது. அலை வரைஞ்ச தாளைக் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு கண்ணுக்கும் மில்லி செகண்ட், மைக்ரோவோல்ட் ரெண்டும் அதுல இருக்கணும். கட்டத்தோட அளவும், கண்ணாடி போட்டு எடுத்ததா இல்லையாங்கிறதும் எழுதித் தரச் சொல்லுங்க. அடுத்த தடவையும் முடிஞ்ச வரைக்கும் அதே லேப்புக்குப் போங்க, போகும்போது இந்தத் தாளையும் கூடவே எடுத்துட்டுப் போய் டெக்னீஷியன்கிட்ட காட்டுங்க.